துணைக்கு ஒரு மனுஷி, வருஷத்துக்கு மூன்று கலம்

மாயவரத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். என் அப்பாவும் அதே தொழில்தான். அவர் காலத்தில் திண்ணையில் சாய்வு மேசை போட்டு, மைக்கூட்டில் தொட்டு எழுதுவார்கள். 1982இல் ஆவண எழுத்தர் உரிம விதிகள் வந்த பிறகு என் பெயருக்கு லைசென்ஸ் வாங்கினேன். விக்கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில் என்று ஒரு குடும்பம் சேர்வதும் பிரிவதும் எங்கள் கைவழியாகத்தான் நடந்தது.

"அந்தக் காலத்துல வயசானவங்கள வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிட்டாங்க, அதுக்கு ஒரு செலவா, கணக்கா?" என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். செலவு இருந்தது, கணக்கும் இருந்தது. அதை எழுதி ரிஜிஸ்தர் செய்தும் வைத்தார்கள். அப்படி எழுதிய பத்திரங்களை நான் படித்திருக்கிறேன். ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது.

1948ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினை அது. என் பெரியப்பா பிள்ளையில்லாமல் இளம் வயதில் இறந்துபோனார். என் அப்பாவும் சித்தப்பாவும் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது பெரியம்மாவுக்கு வயது இருபத்திரண்டு. அவருக்கென்று ஆறு மா நஞ்சை ஒதுக்கினார்கள். ஆறு மா என்றால் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். ஆயுள்வரை அனுபவித்துக்கொள்ளலாம், விற்கவோ அடமானம் வைக்கவோ பாத்தியமில்லை, ஆயுளுக்குப் பின் கொழுந்தன்மார் இருவரையும் சேர வேண்டியது. வீட்டில் ரேழியை ஒட்டிய அறையும், கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. மகசூலை எதெதற்குச் செலவிடுவது என்றும் எழுதியிருக்கிறது: சாப்பாட்டுக்கு இவ்வளவு, துணிமணிக்கு இவ்வளவு, விளக்கெண்ணெய்க்கு இவ்வளவு. அதற்குக் கீழே இன்னொரு வரி. தள்ளாமை வந்த காலத்தில் துணைக்கு இருக்கும் மனுஷிக்கு வருஷத்துக்கு மூன்று கலம் நெல்.

இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் முதுமைக்கு அன்றே ஆள் கூலி ஒதுக்கியிருக்கிறார்கள். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். அந்தப் பத்திரம் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. புருஷன் பங்கான மூன்றில் ஒரு பாகம் முழுதாகக் கைக்கு வந்திருக்க வேண்டிய பெண்ணை, ஆறு மாவோடும் ஒரு அறையோடும் கட்டிப்போட்ட பத்திரம் அது. ஆனால் அதை எழுதியவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. படுத்த உடம்பைப் புரட்டிப்போட இரண்டு கை வேண்டும், அந்தக் கைக்குக் கூலி வேண்டும், அந்தக் கூலி எங்கிருந்தாவது வர வேண்டும்.

இப்படி ஒதுக்குவதற்குப் பெயர் ஜீவனாம்ச பாத்தியம். காவிரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த குடும்பங்களின் பழைய பிரிவினைப் பத்திரங்களைப் புரட்டினால் ஏதோ ஒரு உருவத்தில் இது தென்படும். சிலர் தாய் தகப்பனுக்கென்று தனியாக ஒரு துண்டு நிலத்தை விட்டுவைப்பார்கள். சிலர் மூத்தவன் வீட்டில் ஆறு மாதம், இளையவன் வீட்டில் ஆறு மாதம் என்று முறை எழுதுவார்கள். கடைசிக் காலத்தில் யார் வைத்துப் பார்க்கிறார்களோ, கிரியை யார் செய்கிறார்களோ, அவர்களுக்கே அந்தத் துண்டு என்று முடிக்கும் பத்திரங்களும் உண்டு. பார்ப்பவனுக்குப் பலன் என்பதை ஒளிக்காமல் எழுதினார்கள்.

இது நிலம் உள்ளவர்களின் ஏற்பாடு மட்டும்தான். அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்த பண்ணையாளின் தாய்க்கு எந்தப் பத்திரத்திலும் வரி இல்லை. அவளுக்கு உழைக்க முடிகிற வரைக்கும் கூலி. முடியாமல் போனால், பிள்ளைகள் கொண்டுவந்த கஞ்சியில் ஒரு பங்கு. தஞ்சைத் தரணியின் பெருமையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

வீட்டுக்கு வெளியே இருந்த ஏற்பாடுகளும் நிலத்தின் மேல்தான் நின்றன. காஞ்சிபுரம் பக்கம் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை ஒன்று அங்கே நடந்ததை அது சொல்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், மருந்து காய்ச்சி நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் என்று ஒவ்வொருவருக்கும் நெல்லும் காசும் விதித்திருக்கிறது. அங்கே பார்க்கப்பட்டவர்கள் கோயிலையும் அதன் பாடசாலையையும் சேர்ந்தவர்கள். ஊரில் உள்ள எல்லாக் கிழவிக்கும் அங்கே இடமிருந்ததென்று நினைத்துவிடக் கூடாது. ஆனாலும் நோயாளியின் பக்கத்தில் இருக்கும் பெண்ணின் வேலை கூலிக்குரிய வேலை என்று ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நம் வீடுகளில் மருமகள் செய்யும் அதே வேலைக்கு இன்றுவரை யாரும் கணக்கு வைத்ததில்லை.

பிறகு சத்திரங்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. தஞ்சை மராட்டியர் சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டதோடு, நோயில் விழுந்தவர்களுக்கு மருந்தும் பத்தியமும் கொடுத்தார்கள், இறந்தால் அடக்கமும் செய்தார்கள். இந்தச் செலவுக்கென்று நிலங்கள் விடப்பட்டிருந்தன. சென்னையில் 1782 வாக்கில், ஹைதர் அலி படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து விரட்டிய ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். அந்தச் சத்திரம் ஆதரவற்ற முதியோர் இல்லமாகத் தொடர்ந்தது.

நிலத்தை நம்பி நின்ற இந்தப் பழைய ஏற்பாடு ஒரே நாளில் உடையவில்லை. சட்டத்துக்குச் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அதிலும் பெரும்பாலான சட்டங்கள் நியாயமானவை. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் குத்தகைதாரரை வெளியேற்றத் தடை வந்தது. 1956இல் நியாய வாரச் சட்டம் வந்து, நஞ்சையில் நிலச் சொந்தக்காரருக்கு விளைச்சலில் 100க்கு 40 பங்கு என்று நிர்ணயித்தது. 1980இல் அது 25 ஆனது. உழுதவன் வீட்டில் முதன்முதலாக நெல் மிஞ்சியது. அது அவனுக்குச் சேர வேண்டிய நெல்தான். ஆனால் ஆறு மாவைக் குத்தகைக்கு விட்டு அதிலேயே காலம் தள்ளிய விதவைகளுக்கு, அந்தக் கணக்கில் முதலில் அடிபட்டுப்போனது 'துணைக்கு இருக்கும் மனுஷி'யின் மூன்று கலம்.

1956இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தது. அதன் 14ஆம் பிரிவு, பெண்ணின் வரையறுத்த அனுபவ உரிமையை முழு உரிமையாக்கியது. ஜீவனாம்சத்துக்காக விட்ட நிலமும் அப்படி முழுச் சொத்தாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. பெண்களுக்கு அது பெரிய விடுதலை. பெரியம்மாவிடம் நான்தான் இதை விளக்கிச் சொன்னேன். "அப்ப வித்தாக்கூட யாரும் கேக்க முடியாதாடா தம்பி?" என்று கேட்டார். முடியாது என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. முப்பது வருஷமாக எந்த முடிவையும் தானே எடுக்கவிடாமல் வைத்திருந்த பெண்ணின் சந்தோஷம் அது.

1983இல் நிலத்தைக் குத்தகைதாரருக்கே விற்றார். குத்தகைதாரர் இருக்கிற நிலத்துக்கு வெளியார் யாரும் வரமாட்டார்கள், அதனால் விலை குறைவுதான். அந்தப் பணத்தில் பாதி என் தங்கை கல்யாணத்துக்குப் போனது. மீதி தபால் ஆபீஸில் கிடந்து, கண் ஆபரேஷனுக்கும் வீட்டுக் கூரைக்குமாகக் கரைந்தது. பெரியம்மா எங்களோடு இருந்தார். அவர் சாப்பாடு எங்கள் உலையில் வெந்ததால், அதைத் தனிச் செலவாக யாரும் நினைக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஊரும் நிலத்தை விட்டு மாதச் சம்பளத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தருக்குப் பென்ஷன் உண்டு. 1964இல் குடும்பப் பென்ஷன் வந்த பிறகு அவர் மனைவிக்கும் ஒரு பிடிப்பு கிடைத்தது. எங்கள் தெருவில் ஒரு வாத்தியார் சம்சாரம் படுக்கையில் கிடந்தபோது, ஆள் வைத்துப் பார்க்க அந்தப் பென்ஷன்தான் உதவியது. பென்ஷன் தயவில் தரும் பிச்சையல்ல, உரிமை என்று 1982இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த உரிமை எத்தனை பேருக்கு இருந்தது? தனியார் தொழிலாளிக்கு 1952இல் வருங்கால வைப்பு நிதியும், 1995இல் அதன் பென்ஷனும் வந்தன. அந்தப் பென்ஷனுக்குக் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் ஆனது, அதுவும் மாதத்துக்கு. பத்திர எழுத்தர், மளிகைக் கடைக்காரர், சமையல்காரர், நடவு நட்டவள் யாருக்கும் அப்படி வேலையோடு வரும் பென்ஷன் கிடையாது. நிலமும் இல்லை, பென்ஷனும் இல்லை என்ற நடுவெளியில்தான் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் கிழவர்களானார்கள்.

2009இல் பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிஸ்சார்ஜ் செய்த அன்றுதான் எங்கள் செலவு தொடங்கியது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும். காற்றுப் படுக்கை வாங்கினோம், 2,500 ரூபாய். பத்து டயப்பர் கொண்ட ஒரு பாக்கெட் முந்நூறு ரூபாய்க்கு மேல். இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். உடற்பயிற்சி செய்ய வீட்டுக்கு வருகிறவருக்கு ஒரு தடவைக்கு 150. பகலும் இரவும் கூடவே இருக்க ஏஜென்சி மூலம் வந்த பெண்ணுக்கு மாதம் 6,000, சாப்பாடும் நம் வீட்டில். அந்தப் பெண் விழுப்புரம் பக்கத்துக்காரர். தன் தாயை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு எங்கள் பெரியம்மாவைப் பார்க்க வந்திருந்தார். அவர் தாயை யார் புரட்டிப் போடுகிறார்கள் என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

என் வருமானம் மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதிய யாரும் வரமாட்டார்கள். தை பிறந்தால் மூச்சுவிட நேரமிருக்காது. டயப்பருக்கு ஆடி தெரியுமா? முதல் ஆடியிலேயே மனைவியின் நாலு வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று. சித்தப்பா பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருவன் ஒரு வருஷம் மாதம் ஆயிரம் அனுப்பினான், பிறகு அவன் பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு. இன்னொருவன், "நிலத்த வித்த காசு ஒங்க வீட்டுக்குத்தானே வந்துச்சு?" என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது, நான் வாதாடவில்லை. ஏஜென்சிப் பெண் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பவில்லை. அதற்குப் பிறகு என் மனைவியே பார்த்தாள், வேறு யாரும் கிடைக்கவில்லை. அவள் இடுப்பு வலி அன்று வந்ததுதான், இன்றும் போகவில்லை. இந்தக் கட்டுரையில் நான் எழுதியிருக்கும் தொகைகள் எதிலும் அந்த இடுப்பு வலியின் விலை சேரவில்லை.

சட்டத்தில் வழி இருக்கிறதா என்று தொழில் காரணமாகவே தேடிப் பார்த்தேன். வயதான பெற்றோரைப் பராமரிப்பது மகனுக்கும் மகளுக்கும் கடமை என்று 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் சொல்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் பெற்றோருக்கு ஜீவனாம்சம் கேட்க வழி செய்தது. ஆனால் அதன் உச்சவரம்பு 2001 வரை மாதம் 500 ரூபாய்தான். 2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் வந்தது. வக்கீல் வைக்காமல் ஆர்டிஓவிடமே மனு கொடுக்கலாம். மாதம் 10,000 வரை உத்தரவிடலாம். நல்ல சட்டம். பிள்ளையில்லாதவர்களுக்கும் அதில் இடம் உண்டு, உறவினர்மேல் மனுப் போடலாம். யார் உறவினர்? அந்தப் பெரியவரின் சொத்தை அனுபவிக்கிறவர், அல்லது அவருக்குப் பின் அதை அடையப்போகிற வாரிசு.

அந்த வரியை நான் பலமுறை படித்தேன். பெரியம்மாவிடம் சொத்து இல்லை. அதனால் சட்டத்தின் கண்ணில் அவருக்கு உறவினரே இல்லை. 1948இல் ஆறு மாவோடு அவரைக் கட்டிப்போட்டவர்கள் எந்தக் கணக்கில் எழுதினார்களோ, அதே கணக்கில்தான் 2007இல் எழுதியவர்களும் நின்றார்கள். நிலம் இருந்தால் அவரைப் பார்ப்பவர் உண்டு. இல்லாவிட்டால் பார்ப்பவரின் மனசுதான். 2014இல் பெரியம்மா காலமானார். வளையல்களை மீட்க அதற்குப் பிறகும் காலமாயிற்று.

சொத்து உள்ளவர்களின் நிலையும் அப்படியொன்றும் பத்திரமாக இல்லை. நான் தொழிலில் இருந்த காலத்திலேயே பாகப்பிரிவினைப் பத்திரம் குறைந்து, தான செட்டில்மென்ட் பெருகியது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் எழுத முத்திரைத் தீர்வை வெறும் 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023இல்தான் அது 25,000இலிருந்து 40,000 ஆனது. ஒரே மகன், ஒரே வீடு, எழுதிக்கொடுத்துவிடலாம் என்று வருவார்கள். "உன் மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று வழக்கமான வாசகத்தைப் போட்டு, சுவாதீனத்தையும் அன்றே ஒப்படைத்ததாக எழுதச் சொல்வார்கள். ஆயுள்வரை அனுபவ பாத்தியத்தை வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றால், அப்பாவை முந்திக்கொண்டு மகன் சொல்வான்: "எங்கப்பாவ நான் பாத்துக்க மாட்டேனா?" அந்தக் கேள்விக்கு முன்னால் எந்த அப்பாவும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. தாத்தா காலத்தில் கூச்சமில்லாமல் எழுதிய ஜீவனாம்ச வரி, பேரன் காலத்தில் அவமானமாகிவிட்டது.

2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு இப்படி எழுதிக்கொடுத்தவர்களுக்காகத்தான் வந்தது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டுமா, இல்லாவிட்டாலும் செல்லுமா என்பதில் நீதிமன்றங்கள் வருஷக்கணக்கில் வெவ்வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லிவந்தன. நிபந்தனை இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவர்கள் பக்கம் சாய்ந்து தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பில் சொன்னது. அதே ஆண்டு மார்ச்சில், நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவரின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பின் பேரில் என்று எழுதினாலே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதில் அடங்கியிருக்கிறது என்றது. என் மனசுக்கு நிறைவான தீர்ப்பு. ஆனாலும் முதிய வயதில் மனுப் போட்டு, விஷயம் கோர்ட் வரை போய்த்தான் அது கிடைத்தது.

எழுதிக்கொடுக்க எதுவுமே இல்லாதவர்களுக்கு அரசாங்கம்தான். முதியோர் உதவித்தொகை இங்கே 1962இல் தொடங்கியது. எங்கள் பக்கம் 'ஓஏபி பணம்' என்பார்கள். மணியார்டர் வரும் நாளில் கிழவிகள் திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பண்ணையாளின் தாய்க்கு, அவள் பெயரைப் போட்டு வந்த முதல் பணம் அதுதான். 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ஆகவும் உயர்ந்தது. அரிசிக்கும் வெற்றிலைக்கும் அது போதும், ஆள் கூலிக்குப் போதாது. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிடுகின்றன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கே மருந்தையும் உடற்பயிற்சி ஆளையும் அனுப்புகிறது. பெரியம்மா காலத்தில் அது இருந்திருந்தால் என் மனைவிக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். ஆனால் மீதி நேரமெல்லாம் கூட இருக்கிறவருக்குக் கூலி தர எனக்குத் தெரிந்து இன்றும் திட்டம் இல்லை. ஜப்பானில் 2000ஆம் ஆண்டிலிருந்து நாற்பது வயது நிரம்பிய எல்லோரிடமும் சந்தா வாங்கி, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அந்த நிதியிலிருந்து கூலி தருகிறார்கள். இங்கே வழியே இல்லாத வீடுகளில் என்ன நடக்கும் என்பதற்குத் தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு பெயர் இருக்கிறது: படுத்துக் கிடக்கும் முதியவரை வீட்டாரே சாகடிப்பது. அதைக் கொடூரம் என்று ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்த வீடுகளின் கணக்கை யாராவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

எழுதிக்கொடுக்க வீடோ மனையோ உள்ளவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஆயுள்வரை அனுபவ பாத்தியத்தை உங்களுக்கே வைத்துக்கொண்டு எழுதுங்கள். படுத்தால் துணைக்கு ஆள் வைக்கும் செலவு யாருடையது என்பதையும், அதைச் செய்யாவிட்டால் பத்திரம் ரத்தாகும் என்பதையும் வெளிப்படையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பிள்ளை முகம் சுளித்தாலும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை மருமகள் தலையில் மட்டும் இறக்காமல், மகள் உட்பட எல்லோர் பெயரையும் போடுங்கள். இந்த வரிகளைச் சேர்த்த செட்டில்மென்ட்கள் சிலவற்றை நானே எழுதிப் பதிந்திருக்கிறேன். ஒன்றுக்கும் கூடுதல் முத்திரைத் தீர்வை கேட்கவில்லை.